லண்டன் வழி வந்த உருமி

எங்கள் இராயக்கோட்டைக் குன்றின்மீது நிற்கும் கோட்டையை 1791-இல் ஆங்கிலேயர் படை கைப்பற்றிற்று. அந்நாளில் எழுந்த பீரங்கி ஓசையை நான் ஏட்டில்தான் படித்திருக்கிறேன். ஆனால் 2008-இல் ஆங்கில நாட்டிலிருந்து வந்த வேறோர் ஓசையைக் காதாரக் கேட்டேன். குண்டு முழக்கமன்று தோழர்களே, உருமி முழக்கம்!

அப்போது எனக்கு ஓசூரில், ஒரு தொழிற்சாலையில் பிட்டர் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் வந்துவிடும். தக்காளி ஏற்றிய வண்டிகளுக்கு வழிவிட்டு, உத்தனப்பள்ளி வழியாக அது ஊர்ந்து செல்லும். ஒரு நாள் உடன் பணியாற்றிய நண்பர், என் செல்போனில் சில பாடல்களை ஏற்றித் தந்தார். "இங்கிலீஷ் பாட்டு, தலைகால் புரியாது, ஆனால் தூக்கம் போய்விடும்" என்றார்.

தூக்கம் போயிற்று. முதலில் பெண்ணொருத்தியின் குரல். பாட்டென்றும் சொல்ல முடியாத, பேச்சென்றும் சொல்ல முடியாத குரல். அதன் அடியில், அடே! ஒருபக்கத் தோலை வளைந்த குச்சியால் உரசி, மறுபக்கத் தோலை நேர்க்குச்சியால் அடித்தால் எழுமே ஓர் உறுமல், அந்த உறுமல்! நான் பிறந்த வீட்டின் ஒலியல்லவா அது! இலண்டன் மாநகரில் இதற்கு என்ன வேலை?

விசாரித்தேன். பாடியவர் எம்.ஐ.ஏ. எனும் பெயர் பூண்ட மாதங்கி அருள்பிரகாசம். இலண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக ஈழம் சென்று, போர் துரத்த மீண்டும் இலண்டனில் அகதியாக வந்திறங்கிய தமிழ்ப் பெண். தையல் வேலை செய்து அவரை ஆளாக்கியவர் அவருடைய தாய். முதல் இசைத்தொகுதிக்குத் தந்தையின் இயக்கப் பெயரைச் சூட்டினார்: 'அருளர்', 2005. 2007-இல் வந்த இரண்டாம் தொகுதிக்குத் தாயின் பெயர்: 'கலா'. நான் கேட்டது அந்தக் கலாவைத்தான்.

அத்தொகுதி பிறந்த கதை சுவையானது. அதை அமெரிக்காவில் உருவாக்கவே அவர் எண்ணினார். 2006-இல் அமெரிக்கா விசா தர மறுத்தது. கதவை அடைத்தால் என்ன, உலகம் சிறியதா? சென்னைக்கு வந்தார், டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா, லைபீரியா என்று சுற்றினார். சென்னையில் நம் உருமிக்காரர்களின் முழக்கத்தை ஒலிப்பதிவு செய்தார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டிலும் அம்முழக்கம்தான் தூக்கி நிறுத்துகிறது. தொகுதியில் பெரும்புகழ் பெற்றது 'பேப்பர் பிளேன்ஸ்'. 'தி கிளாஷ்' எனும் ஆங்கில ராக் குழுவின் பழைய இசைத்துண்டு ஒன்றின்மேல் கட்டியது. குடியேறி வந்தவனைக் கண்டாலே கொள்ளைக்காரன் என்று எண்ணும் கண்களை எள்ளி நகையாடுவது. அமெரிக்கப் பட்டியலில் அது நான்காம் இடம்வரை ஏறிற்று. விசா மறுத்த அதே அமெரிக்காவில்! 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படப் பாடலைத் திருப்பிப் பாடியிருக்கிறாரே, 'ஜிம்மி', அது மட்டும் எனக்கு ஒட்டவில்லை. அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுவேன்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், ஆனேக்கல் பக்கத்தவர், ஒரு காதுக்கு வாங்கிக் கேட்டார். "அருமையாக இருக்கிறதே, என்ன மேளம் இது?" என்றார். நான் சொன்ன விடை, "லண்டன் மேளம்."

என் தந்தையின் மேளம் என்று சொல்ல நா எழவில்லை! எந்தச் சேரியிலிருந்து அந்த மேளம் வருகிறது என்பது தெரிந்தால், நாளை உணவு இடைவேளையில் அவர் என் பக்கத்தில் அமர்வாரோ மாட்டாரோ என்ற அச்சம். பகுத்தறிவு பேசும் படிப்பகத்திற்கு மாலைதோறும் சென்றவன் நான்! கூட்டத்தில் கைதட்டிய கை அது. பஸ்ஸில் கூசி மடியில் கிடந்தது.

என் தந்தையின் கதை வேறு. ஊரில் எவர் வீட்டில் சாவு விழுந்தாலும் எங்கள் வாயிலில் ஆள் நிற்பான். காய்ச்சல் என்று சொல்லும் உரிமை கிடையாது. கூலி கேட்டால் முறைப்பு, சோறு கொல்லைப்புறத்தில், தேநீர் தனிக்குவளையில். ஒரு நாள் உருமியைப் பரணில் எறிந்தார். "இனி என் கையும் தொடாது, என் மகன் கையும் தொடாது" என்றார். அந்த மறுப்புக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. வேலை தருவோர் இல்லாமல் மாதக்கணக்கில் கழிந்தது. ஆகவே, கருவியை வெறுத்தாரென்று அவரைக் குறை கூற எவருக்கும் தகுதியில்லை. ஆனால் அவர் எறிந்தது தோலையா, கட்டாயத்தையா? இழிவு மாட்டுத்தோலில் ஒட்டியிருந்ததா, 'வாடா' என்று அழைத்தவனின் நாவில் ஒட்டியிருந்ததா? பரணுக்கு இரண்டும் சேர்ந்தே போயின. பிரித்துப் பார்க்க எனக்கு இந்தப் பெண்ணின் இசைத்தொகுதி தேவைப்பட்டது.

வாரக் கடைசியில், திண்ணையில் அமர்ந்திருந்த தந்தையின் காதில் செல்போனை வைத்தேன். நெற்றி சுருங்கிற்று. சற்று நேரம் பேச்சில்லை. வலக்கை விரல்கள் மட்டும் தொடைமீது எதையோ எண்ணத் தொடங்கின.

"எவன் வீட்டுச் சாவுக்கு அடிக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"யார் சாவுக்கும் இல்லை அப்பா. வெளிநாட்டில் பிள்ளைகள் இதைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள்."

"ஆடுவதற்கா?"

"ஆடுவதற்குத்தான்."

செல்போனை என்னிடம் நீட்டினார். "அப்படியானால் இன்னொரு தரம் போடு."