பாத் டப்பும் விதை நெல்லும்

எங்க ஊருல பாத் டப் வெச்ச வீடு எங்க வீடு ஒண்ணுதான். சென்னையில இருக்கிற மகனோட பிடிவாதம். மே மாசம் பேரப்பிள்ளைங்க வந்தா பதினைஞ்சு நாள் அதுல ஒரே குதியாட்டம். மத்த நாள்ல துணி ஊற வைக்கிற தொட்டி, அவ்வளவுதான்.

டப்பும் சுவரும் சேர்ற விளிம்பை கொத்தனார் வெள்ளை சிமெண்ட் வெச்சு அடைச்சிருந்தார். ஒரே வருஷத்துல விரிசல். போன பொங்கலுக்கு டவுன்ல சிலிகான் டியூப் வாங்கிவந்து, அந்த விரிசல் மேலேயே இழுத்துவிட்டேன். பார்க்கப் பளபளன்னு இருந்துச்சு.

அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் விதை நெல் அறை. ஆடி பிறந்ததும் நாத்தங்காலுக்கு மூட்டையை எடுத்தா, சுவரோரம் இருந்த கிச்சிலிச் சம்பா அடியில ஈரம் ஏறி நமுத்துக் கிடக்கு. பூஞ்சை வாடை. ஆதிரெங்கம் நெல் திருவிழாவுல 2 கிலோ வாங்கி, மறுவருஷம் 4 கிலோவாத் திருப்பிக் கொடுத்து, அப்படியே பெருக்கி வெச்ச விதைங்க அது. மேலாக நல்லா இருந்த நெல்லுல 100 எண்ணி ஈரச் சாக்குல முடிஞ்சு வெச்சேன். முளைச்சது 61. எண்பதுக்குக் கீழ போனா விதைக்கு ஆகாது.

"ஏங்க, வரப்பைச் சீவாம மண்ணைப் பூசுனா ஆளுங்களை அந்தத் திட்டு திட்டுவீங்களே?" ன்னாங்க வீட்டம்மா. என்கிட்ட பதில் இல்ல. அண்டை வெட்டிட்டுத்தான் பூசணும்னு அப்பா எனக்குப் பத்து வயசுலயே சொல்லிக் கொடுத்தது.

பழசைப் பிளேடு வெச்சு சுரண்டவே ஒரு காலைப்பொழுது போச்சு. பழைய சிலிகான் மேல புதுசு ஒட்டாது. ஸ்பிரிட்டால துடைச்சு, ரெண்டு நாள் காயவிட்டேன். அப்புறம் டப்பு நிறைய தண்ணி பிடிச்சேன். ஏன்னா இது ஃபைபர் டப்பு, கனம் ஏறினா கொஞ்சம் கீழ அமுங்கும், இடுக்கு அகலும். காலி டப்புல பூசினா, ஆள் உள்ள இறங்கினதும் பிச்சுக்கும். பொங்கலுக்கு நான் பண்ணின ரெண்டாவது தப்பு அது. சிலிகானை ஒரே சீரா இழுத்து, சோப்புத் தண்ணி தொட்ட விரலால நீவிவிட்டேன். வீடு பூரா வினிகர் வாடை. ஒரு நாள் முழுக்க தண்ணியை இறக்கல.

கிச்சிலிக்கு பக்கத்து ஊர் நண்பர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், தர்றேன்னார். டப்புல மறுபடி துணி ஊற ஆரம்பிச்சாச்சு. தினமும் காலையில வயலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி விதை அறைக்குப் போயி சுவரைத் தடவிப் பார்த்துட்டுப் போறேன். இதுவரைக்கும் காய்ஞ்சுதான் இருக்கு. மூட்டைகளை மட்டும் இன்னும் அந்தப் பக்கம் நகர்த்தல.