சீசர் சாலடும் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையும்

சென்னையினின்று பெங்களூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்தால், தலைநகருக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி இடப்புறத்தே பரந்து கிடக்கிறது. அதற்கும் அப்பால் இருங்காட்டுக்கோட்டை; அதையடுத்து ஸ்ரீபெரும்புதூர். வைணவப் பெரியார் இராமானுசர் பிறந்த தலமென்று பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்ற ஊர் இது. 1991 மே 21 அன்று முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் இவ்வூரிலேதான். இங்கிருந்து தெற்கே சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் திரும்பினால், வல்லத்தைக் கடந்து ஒரகடம் சேரலாம். ஏரிப்பாசனமும் நெல்வயலுமாக இருந்த இப்பகுதிக்கு இன்று உலகெங்கும் வேறொரு பெயர்: வாகனமும் கைபேசியும் பிறக்கும் பூமி.

இம்மாற்றம் வந்த வேகத்தை எண்ணினால் வியப்பு மேலிடுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனத்தின் கார்கள் 1998-இல் வெளிவரத் தொடங்கின. 2006-இல் நோக்கியா ஆலை ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி செய்யத் தொடங்கிற்று. ஆயிரமாயிரம் பெண்கள் அதில் வேலை பெற்றனர். 2014 நவம்பரில் அது நின்றும் போயிற்று. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிஸான் கார் ஆலையும், 2012-இல் பாரத்பென்ஸ் லாரி ஆலையும், 2013-இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் இயங்கத் தொடங்கின. அகன்ற சாலைகளில் சிப்காட் பலகைகளும், பகலிரவு பாராது தொழிலாளரை ஏற்றி இறக்கும் கம்பெனிப் பேருந்துகளுமே எங்கும் கண்ணிற் படுகின்றன.

ஓர் ஊரை அறிய விரும்புவோர் அதன் கடைத்தெருவில் என்ன சமைக்கிறார்கள் என்று பார்த்தால் போதும் என்பது நமது நெடுநாளைய எண்ணம். ஒரகடம் நாற்சந்தியில் மாலை மயங்கும் வேளையில் நின்றோம். பரோட்டாக் கல்லின் ஓசை ஒருபுறம். பிரியாணி அண்டாவைத் திறக்கும் மணம் ஒருபுறம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்களுக்காகச் சப்பாத்தி சுடும் சிறுகடை ஒருபுறம். கொரிய எழுத்துகளில் பலகை மாட்டிய உணவகங்களும் இப்பகுதியில் உண்டு. அயல்நாட்டுப் பொறியாளர்கள் தங்கும் பெரிய ஓட்டல்களின் உணவுப் பட்டியலிலோ, இட்லி தோசைக்குச் சில வரிகள் தள்ளி, ‘சீசர் சாலட்’ என்னும் பெயர் தவறாது இடம்பெறுகிறது.

இப்பெயரைப் பற்றித்தான் நம் தங்கை மகள் நம்மிடம் வினவினாள். அவள் இவ்வட்டாரத்து ஆலையொன்றில் வேலை பார்க்கிறாள். விழுப்புரம், திருவண்ணாமலை, தூத்துக்குடி ஆகிய ஊர்களினின்று வந்த தோழியர் மூவரோடு ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். “பெரியம்மா, சீசர்னா அந்த ரோமாபுரி ராஜாதானே? அவர் சாப்பிட்டதையா இவ்வளவு விலைக்கு விக்கிறாங்க?” என்று கேட்டாள். தோழியர் நகைத்தனர். கேள்வி நகைப்புக்குரியதன்று, பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர்.

உண்மையில் இந்தச் சீசர் அரசருமல்லர், வீரருமல்லர்; பிழைப்புத் தேடிக் கடல் கடந்த ஒரு சமையற்காரர். இத்தாலியில் 1896-இல் பிறந்த சீசர் கார்டினி என்பவர் அமெரிக்காவில் குடியேறினார். அந்நாட்டில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு அமலில் இருந்தமையால், எல்லைக்கு அப்பால் மெக்சிகோ நாட்டின் டிஹுவானா நகரில் உணவகம் வைத்து நடத்தினார். 1924 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். எல்லை தாண்டி வந்த கூட்டத்தால் சமையலறைச் சரக்கு தீர்ந்து போயிற்றாம். மிஞ்சியிருந்த கீரை, காய்ந்த ரொட்டி, முட்டை, பாலாடைக்கட்டி, எண்ணெய், எலுமிச்சை ஆகியவற்றைக் கூட்டி, விருந்தினர் கண்ணெதிரே கிளறிப் பரிமாறினார் என்று அவர் குடும்பத்தார் கூறிவந்தனர். எல்லையோர ஊரொன்றில், இருப்பதைக் கொண்டு பசித்தவருக்கு இட்ட உணவு அது. இன்று அது பெரிய ஓட்டல்களின் உணவாகிவிட்டது.

பச்சைக் காயைக் கலந்து உண்பது நமக்குப் புதிதுமன்று. ஊறவைத்த பாசிப்பருப்பும் வெள்ளரியும் சேர்ந்த கோசுமல்லியை இராம நவமியன்று ஸ்ரீபெரும்புதூர் போன்ற ஊர்களில் வீடுதோறும் காணலாம். ஆகவே, இச்சாலடை அவ்வறையிலேயே செய்து பார்ப்பதென்று முடிவாயிற்று. அங்கே இருந்தவை ஒற்றை எரிவாயு அடுப்பு, ஒரு தோசைக்கல், பூண்டு இடிக்கும் சிறு உரல், ஒரு பெரிய பாத்திரம், இவ்வளவே. நால்வருக்கு வயிறு நிறையும் அளவில் செய்த முறையை வாசக நேயர்களுக்கும் தருகிறோம்.

கீரை: இதற்குரியது லெட்யூஸ் என்னும் இலைக்கீரையின் நீண்ட இலை வகை. நீலகிரியில் இங்கிலீஷ் காய்கறிகளோடு விளைவது. சென்னையின் பெரிய காய்கறிக் கடைகளில் கிடைக்கும். இரண்டு கட்டு, ஏறத்தாழ 400 கிராம் போதும். கிடையாவிடில் முட்டைக்கோசின் இளம் உட்புற இலைகளை மெல்லியதாக அரிந்து, வெள்ளரித் துண்டுகளோடு கலந்து கொள்ளலாம். இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மும்முறை நீர் மாற்றிக் கழுவ வேண்டும். கடைசி முறை கழுவும் நீர் குடிக்கத் தகுந்ததாக இருத்தல் அவசியம். பின்னர் தூய துணியில் பரப்பி ஈரம் முழுதும் போக்க வேண்டும். ஈர இலையில் சாறு ஒட்டாது. வழிந்து பாத்திரத்தின் அடியில் தேங்கிவிடும்.

ரொட்டித் துண்டுகள்: முந்திய நாள் ரொட்டி நான்கு துண்டங்கள். புது ரொட்டியில் ஈரம் மிகுதி; பழைய ரொட்டியே மொறுமொறுப்பாக வரும். சிறு சதுரங்களாக வெட்டிக் கொள்க. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் நசுக்கிய பூண்டுப் பல் இரண்டை இட்டுச் சற்று ஊறவைத்து, அந்த எண்ணெயை ரொட்டியின் மேல் தெளித்துப் பிசறுக. தோசைக்கல்லில் சிறு தீயில் பத்து நிமிடம் புரட்டிப் புரட்டி வறுத்தால் உள்ளும் புறமும் பொன்னிறமாகும். தீயைக் கூட்டினால் மேற்புறம் கருகி உள்ளே மென்மையாகவே நின்றுவிடும். ஆறிய பின்னரே கீரையில் சேர்க்க வேண்டும்.

மேற்சாறு: கார்டினி ஒரு நிமிடமே வெந்நீரில் இட்ட முட்டையைச் சேர்த்தார் என்பர். நாம் அவ்வாறு செய்யவில்லை. காரணத்தைப் பின்னர் சொல்வோம். நான்கு முட்டைகளைப் பன்னிரண்டு நிமிடம் நன்றாக வேகவைத்து, இரண்டின் மஞ்சள் கருவை மட்டும் எடுத்து மசித்தோம். அதனுடன் நசுக்கிய பூண்டுப் பல் இரண்டு, அரைத் தேக்கரண்டி கடுகுப் பொடி, ஓர் எலுமிச்சம்பழச் சாறு, கெட்டித் தயிர் நான்கு மேசைக்கரண்டி, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், அளவாக உப்பு சேர்த்துக் கலக்கி, இரண்டு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு அடித்தோம். கடுகும் மஞ்சள் கருவும் எண்ணெயையும் புளிப்பையும் பிரியவிடாது பிணைத்து வைக்கும். ஒலிவ எண்ணெய் வாங்க வசதியுள்ளோர் அதனையே விடலாம்.

மேனாட்டார் பலர் இச்சாற்றில் உப்பிட்ட சிறுமீனை அரைத்துச் சேர்ப்பர். அம்மீன் வேறெதுவுமன்று, நம் நெத்திலியின் இனத்தைச் சேர்ந்ததே. தூத்துக்குடிப் பெண் இதைக் கேட்டதும் ஊரிலிருந்து கொணர்ந்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை உடனே எடுத்து வைத்தாள். பத்துக் கருவாட்டின் தலை நீக்கி, கழுவித் துடைத்து, கல்லில் முறுக வறுத்து இடித்துத் தூவினோம். தயிரும் மீனும் சேரலாகாது என்னும் வழக்கமுடையோர் இரண்டில் ஒன்றை விட்டுவிடலாம். தயிரை விடுவோர் எண்ணெயைச் சற்றுக் கூட்டிக்கொள்க.

பரிமாறும்போது கீரையைப் பெரிய பாத்திரத்திலிட்டு, மேற்சாற்றை ஊற்றி, இலைதோறும் படியும்படி கையாற் பிசறி, வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கோப்பையும், எஞ்சிய முட்டைத் துண்டுகளும், துருவிய பாலாடைக்கட்டி இரண்டு கட்டியும் சேர்த்து, கடைசியில் ரொட்டித் துண்டுகளை மேலே தூவ வேண்டும். முன்னரே தூவினால் நமர்த்துப் போகும். மற்ற நாட்களில் வெந்த கோழியிறைச்சியும் சேர்க்கலாம். சுத்தபோசன நாளில் கருவாடும் கடலையும் முட்டையுமே நிறைவான ஆகாரம். செய்த உடனே உண்ண வேண்டிய பண்டம் இது. இரவு ஷிஃப்டுக்குக் கட்டிக்கொண்டு போவதற்கு ஏற்றதன்று.

நால்வரும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி அமர்ந்து உண்டனர். விழுப்புரத்துப் பெண் மட்டும் இரண்டாம் கவளத்தை வாயருகே கொண்டுபோய் நிறுத்தி, “பச்சையா இருக்கே, ஒண்ணும் ஆகாதுங்களா?” என்று கேட்டாள். தண்ணீர் காய்ச்சி ஆறியது என்றோம், பிறகு உண்டாள். அந்தக் கேள்வி நம் மனத்தில் ஆழப் பதிந்தது.

அக்கேள்விக்கு இவ்வட்டாரத்தில் ஒரு வரலாறு உண்டு. 2021 டிசம்பரில், இங்குள்ள கைபேசி ஆலையொன்றின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் என்ன ஆனார்களோ என்று அஞ்சிய பெண்கள் பெங்களூர்ப் பெருஞ்சாலையில் திரண்டு அமர்ந்தனர். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. தொழிலாளருக்கென அமைந்த சில தங்குமிடங்களும் உணவுக் கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்று, அங்கே கைபேசி செய்விக்கும் அமெரிக்க நிறுவனமே அப்போது அறிவித்தது. அறிவுக் கூர்மையும் கைத்திறனும் வேண்டிய மிக நுண்ணிய வேலையைச் செய்யும் பெண்ணுக்கு, மாலையில் நம்பி உண்ண ஒரு தட்டுச் சோறு இல்லாதிருந்தது!

பச்சை முட்டையை நாம் விலக்கியதும் இத்தகைய அச்சத்தினாலேயே. சால்மொனெல்லா என்னும் கிருமி பச்சை முட்டையின் வழியே பரவ வல்லது. தமிழ்நாட்டு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்கு ஓராண்டுக் காலம் தடை விதித்தது இக்காரணம் பற்றியே. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் சாதாரண வெப்பத்தில் வைக்கலாகாது என்றும், பச்சை இறைச்சி நறுக்கிய பலகையில் உண்ணும் காயை நறுக்கலாகாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஓர் அறையில் நால்வர் வாழும் வீட்டிலும் இவற்றைக் கடைப்பிடிக்க இயலும். ஆயினும் குழாயில் வரும் நீரின் தூய்மை அந்நால்வரின் கையில் இல்லை.

வெந்த சோறு தீயினால் தூய்மை பெறுகிறது. பச்சை இலைக்கு அந்தத் துணை இல்லை. விளைத்தவர், விற்றவர், நீர் வழங்கியவர், கழுவியவர் ஆகிய அனைவரின் நேர்மையையும் நம்பியே அதை உண்கிறோம். ஆகவே, ஓர் ஊரில் ஏழைத் தொழிலாளி அச்சமின்றிப் பச்சை இலை உண்ண முடிகிறதா என்பதைக் கொண்டே அவ்வூரின் முன்னேற்றத்தை மதிப்பிடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. பெரிய ஓட்டலில் அயல்நாட்டார் உண்ணும் சாலடுக்கு அந்த உறுதி கிடைக்கிறது. அதே நாற்சந்திக்குப் பின்னால் உள்ள வாடகை அறைக்கும் அது கிடைக்க வேண்டும்.

நற்குறிகள் இல்லாமலில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான பெருங்குடியிருப்பு திறக்கப்பட்டது. அத்தகைய இடங்கள் பெருக வேண்டும்; அவற்றின் சமையற்கூடமும் நீர்த்தொட்டியும் திறப்பு விழா நாளில் மட்டுமன்றி எந்நாளும் கண்காணிக்கப்பட வேண்டும்.

நம் வாசகக் குடும்பங்களில் எத்தனையோ பேர் பெண்மக்களை இச்சாலைக்கு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாதந்தோறும் சம்பளம் வந்து சேர்ந்ததா என்று கேட்பது இயல்பே. அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, இன்று என்ன உண்டாய், யார் சமைத்தது, குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். விடுதியில் குறையிருப்பின் தனியே பொறுத்துக் கொள்ளாமல் தோழியரோடு சேர்ந்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது இந்தச் சாலடைச் செய்து காட்டச் சொல்லி, கூட அமர்ந்து உண்ணுங்கள். அவ்வறையில் எஞ்சிய ரொட்டித் துண்டுகளை ஒரு டப்பாவில் இறுக மூடி வைத்தோம். மறுநாள் தேநீரோடு தின்று தீர்த்ததாகவும், வரும் ஞாயிறன்று தாங்களே கீரை வாங்கப் போவதாகவும் செய்தி வந்தது.