நங்கூரமும் வண்டலும்

சரித்திரக் கதைகளில் ஒரு காட்சி அடிக்கடி வரும். மரக்கலம் ஆற்று முகத்துவாரத்துக்குள் நுழையும், நங்கூரம் பாய்ச்சுவார்கள், கதாநாயகன் கரையில் குதிப்பான். நங்கூரம் பாய்ச்ச ஆசிரியருக்கு இரண்டு சொல் போதும். தோணிக்காரனுக்கோ, கதாநாயகன் குதித்துப் போன பிறகுதான் இராத்திரியே ஆரம்பமாகிறது.

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தமிழில் ஆக்கிய அண்டிரிக்கு அடிகளார் வாழ்ந்த ஊர். புத்தகம் எழுதிப் பிழைக்கிறவன் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய ஊர் என்று போனேன். போன இடத்தில் எனக்குப் பாடம் நடத்தியவர், கொழும்புக்குப் பாய்த்தோணி ஓட்டிய ஒரு பழைய தண்டல். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். எண்பதைத் தாண்டியவர், கண் மட்டும் இன்னும் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆறு இப்படித் தூங்குதே அண்ணாச்சி, இதிலே நங்கூரம் போட என்ன சிரமம்?" என்று கேட்டேன்.

"தூங்குற மாதிரி கிடக்கும் தம்பி. ஆறு மணிக்கு ஒரு தரம் புரண்டு படுக்கும்" என்றார்.

கடல் ஏறும்போது உப்புநீர் ஆற்றுக்குள் தள்ளும். அப்போது தோணியின் முகம் கடலைப் பார்த்திருக்கும். வற்றும்போது தோணி முழுதாகத் திரும்பி ஊரைப் பார்க்கும். திரும்புகிற அந்த நேரம்தான் ஆபத்து. தளர்ந்த கயிறு நங்கூரக் கொக்கியில் சுற்றிக்கொள்ளும். பிறகு எதிர்ப்பக்கம் இழுபடும்போது நங்கூரம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் குறுகலான ஆற்றில் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று என்று இரண்டு நங்கூரம் போட்டு, நடுவில் தோணியை நிறுத்துவது வழக்கம்.

நங்கூரம் தன் கனத்தினால் பிடிக்கிறது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். கனமும் வேண்டும்தான், ஆனால் அது படுத்தால்தான் பிடிக்கும். கயிறு நெட்டுக்குத்தாக நின்றால் கொக்கி மண்ணை விட்டு எழும்பிவிடும். சாய்ந்து, தரையோடு தரையாக இழுக்க வேண்டும். தண்டல் மணலில் விரலால் கணக்குப் போட்டுக் காட்டினார். வற்றத்தில் ஆழம் 2 பாகம், அதாவது 12 அடி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏறுகிற நீருக்கு அரைப் பாகம். நீர்மட்டத்துக்கு மேல் தோணியின் முகப்பு அரைப் பாகம். ஆக 3. அதைப்போல் ஐந்து மடங்கு, 15 பாகம் கயிறு விட வேண்டும். காற்று கிளம்பினால் ஏழு மடங்கு.

"கயிறு விடுறதிலே கஞ்சத்தனம் பண்ணினா, தோணியைக் கடலுக்குத் தானம் பண்ணிருவிய" என்றார்.

பிறகு கரையில் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் தெரியும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேராகப் பார்த்து வைத்துக்கொள்வார்களாம். தோணி திரும்பாமலே அவை இரண்டும் விலகத் தொடங்கினால், அடியில் நங்கூரம் நழுவுகிறது என்று அர்த்தம்.

அடி மண்ணைப் பற்றி அவர் சொன்னதுதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. பாறையில் நங்கூரத்துக்குப் பிடிமானம் இல்லை. வெறும் மணலிலும் சந்தேகம். இறுகிய களியும் வண்டலும்தான் நன்றாகப் பிடிக்கும். அந்த வண்டல் எங்கே கிடைக்கும்? தண்ணீர் அமைதியாக இருக்கிற இடத்தில். ஓடி வந்த ஆறு கடலைக் கண்டு தயங்கும்போது சுமையை இறக்கிவிடுகிறது. உப்பு பட்டதும் நுண்ணிய களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கீழே இறங்குகின்றன. அமைதியை நாடி வந்த மரக்கலம் அந்த மண்ணில்தான் நங்கூரத்தைப் பதிக்கிறது. நாளடைவில் அந்த மண்ணே மேடிட்டு, மரக்கலத்தை உள்ளே வர விடாமல் செய்கிறது.

இந்தக் கரையின் சரித்திரமே அதுதான். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கையை யவனர்கள் அறிந்திருந்தார்கள். இன்று அது கடலிலிருந்து நாலைந்து மைல் உள்ளே, வாழைக்கும் நெல்லுக்கும் நடுவே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கண்ட காயல், பழையகாயல்தான் என்றார் கால்டுவெல். அதையும் கடல் விட்டு விலகியது. அடுத்தது புன்னைக்காயல். காயல் என்றாலே கடலை ஒட்டிய அமைதியான நீர். ஒவ்வொரு காயலும் தன் அமைதியாலேயே தூர்ந்தது.

கடைசியில் வியாபாரம் பேராறு எதுவும் கலக்காத தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே வண்டல் தொல்லை குறைவு, ஆனால் ஆழமும் இல்லை. பெரிய கப்பல்கள் சுமார் 5 மைலுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, தோணிகள்தான் சரக்கை ஏற்றி இறக்கின. முத்துக் குளிக்கிற வள்ளங்களோ இரவில் கரைக்காற்றில் புறப்பட்டுப் போய், பார்களின்மேல் நங்கூரமிட்டு, பிற்பகல் கடற்காற்றில் திரும்பும். அந்தக் குளிப்பு 1961உடன் நின்றது. பிறகு கல்லைக் கொட்டிக் கடலுக்குள் இரண்டு நீண்ட அலைத் தடுப்புகள் கட்டினார்கள். 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாயிற்று. ஆறு கொடுக்காத அமைதியைப் பணம் கொடுத்து வாங்கினோம். அங்கேயும் ஆழப்படுத்தும் வேலை ஓய்ந்தபாடில்லை.

"இப்போ ஒரு முழுத் தோணி வந்தா இந்த ஆத்திலே எங்கே நங்கூரம் போடுவிய அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் முகத்துவாரத்தைக் கையால் காட்டினார். மணல் திட்டின்மேல் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. அதற்கு வெளியே இரண்டு பைபர் படகுகள், தண்ணீர் ஏறட்டும் என்று காத்து நின்றன.

"மொதல்லே உள்ளே வரணுமே, தம்பி" என்றார்.