கரடுமுரடான ஒரு சொல்

பல்லேபொலவில் என்னிடம் ஆங்கிலம் கற்க வரும் மாணவி ஒருத்தி, தன் தாயாரைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். மிளகு பறித்து, மணி உதிர்த்து, வெயிலில் உலர்த்தி வாழும் குடும்பம் அவர்களுடையது. தாயாரின் கைகள் சொரசொரப்பானவை என்று கூற விரும்பி, 'கோர்ஸ்' என்னும் சொல்லை எடுத்தாண்டிருந்தாள். பின்னர் அகராதியைப் புரட்டியபோது, 'கரடுமுரடான' என்பதை அடுத்து 'நாகரிகமற்ற', 'இழிந்த' என்னும் பொருள்களையும் கண்டாள். உடனே அச்சொல்லை அழித்துவிட்டாள். "அம்மாவுக்குத் தெரிந்தால் மனம் நோகுமே, ஐயா" என்றாள்.

அழிக்கப்பட்ட சொல்லின் வரலாற்றை அவளுக்குக் கூறினேன். வழி, போக்கு எனப் பொருள்படும் வேறொரு 'கோர்ஸ்' ஆங்கிலத்தில் உண்டு. ஓட்டத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. இன்று இவ்விரண்டும் ஒலியால் ஒன்று; எழுத்தால் வேறு. முற்காலத்தில் எழுத்தும் ஒன்றாகவே இருந்தது. வழக்கமானது, எங்கும் உள்ளது என்ற கருத்திலிருந்தே மற்றச் சொல் பிறந்தது என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கொள்கை. 15ஆம் நூற்றாண்டில் அது அன்றாடம் உடுக்கும் சாதாரணத் துணியைக் குறித்தது. அத்துணி முரடானதாகையால் சொல்லும் முரட்டுத்தன்மையைக் குறிக்கலாயிற்று. நாளடைவில் துணியை விட்டு மனிதரின் பேச்சின்மீதும் நடத்தையின்மீதும் ஏறி, இழிவுப் பொருளையும் பெற்றது. பொதுமக்களைச் சுட்டும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த 'வல்கர்' என்பதற்கும் இதே கதிதான். எளியோருக்கு உரியதை இழிந்ததென எண்ணிய மனப்பான்மையே சொற்களைக் கறைப்படுத்தியது.

நம் மொழியிலும் 'நாற்றம்' என்பது ஒருகாலத்தில் நறுமணத்தையும் குறித்ததன்றோ? ஆயினும், தொடுவுணர்வை எட்டாக வகுத்த நம் பழைய உரையாசிரியர்கள், வழுவழுப்பை 'இழுமெனல்' என்றும், சொரசொரப்பைச் 'சருச்சரை' என்றும் பெயரிட்டு, வெம்மை தண்மைகளோடு ஒரே வரிசையில் வைத்தனர். அங்கே உயர்வுமில்லை, தாழ்வுமில்லை.

"நடத்தையைப் பற்றிக் கூறினால்தான் இச்சொல் இழிவைக் குறிக்கும். கையைப் பற்றிக் கூறினால் சொரசொரப்பு என்பதே பொருள். நீ எழுதியது பிழையன்று, பிள்ளை" என்றேன்.

மறுவாரம் அவள் கொண்டுவந்த கொப்பியில் அச்சொல் மீண்டும் இடம்பெற்றிருந்தது. வீட்டில் தாயாருக்குப் படித்து, பொருளும் சொன்னாளாம். "மிளகு பறிக்கிற கை வேறு எப்படி இருக்கும்?" என்று அவர் சிரித்தாராம்.