சனிக்கிழமைச் சமாசாரம்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களில் பெரும்பாலும் இரண்டு ரகம்தான் உண்டு. ஒரு ரகத்தினர் காலையில் பத்திரிகையைப் பிரித்ததும், "கலி முற்றிவிட்டது!" என்று ஆரம்பித்து, இரவு படுக்கப் போகும் வரையில் அதே பல்லவியைப் பாடுகிறவர்கள். அரிசி விலை, அரசியல், பேரனுடைய தலைமயிர் எல்லாம் அந்தப் பல்லவிக்குச் சரணங்கள். இன்னொரு ரகத்தினர் பத்திரிகையையே தொடுவதில்லை. பென்ஷன் வரும் தேதியும் ஏகாதசி வரும் தேதியும் தெரிந்தால் போதும் அவர்களுக்கு.

நங்கநல்லூரில் இருக்கும் என் பெரியப்பா இந்த இரண்டு ரகத்திலும் சேராதவர். வயது 82. பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, டெண்டர் விளம்பரம் உள்பட, ஒரு வரி விடாமல் வாசிக்கிறார். வாசித்த பிறகும் உற்சாகமாக இருக்கிறார்! இது எப்படிச் சாத்தியம் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. பத்திரிகை ஆபீசிலேயே வேலை பார்க்கிற எனக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் உலகம் அலுத்துப் போய்விடுகிறது.

பெரியப்பா தந்தி இலாகாவில் இருந்தவர். 'கட்கட' என்று அடிக்கும் மோர்ஸ் கருவியின் முன்னால் உட்கார்ந்து பாதி ஆயுளைக் கழித்தவர். 2003-ல் அவர் ஓய்வு பெற்றார். பத்து வருஷம் கழித்து, 2013 ஜூலை 14-ஆம் தேதியோடு தந்தியும் ஓய்வு பெற்றுவிட்டது. "நான் இல்லாமல் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை, பாவம்!" என்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வீட்டுக் கூடத்தில் சபை கூடும். பெரியப்பா பிரம்பு நாற்காலியில் அமர்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு, நீளமான கணக்கு நோட்டு ஒன்றைப் பிரிப்பார். அந்த வாரத்தில் உலகத்தில் நடந்த நல்ல காரியங்கள் அதில் தேதிவாரியாகப் பதிவாகியிருக்கும். கேட்பதற்கு மாடி வீட்டுத் தம்பதி, எதிர் வீட்டுக் கல்லூரி மாணவி, சில சமயம் நான். சுண்டலுக்காகத்தான் கூட்டம் சேருகிறது என்பது பெரியம்மாவின் கட்சி. செய்திக்காகத்தான் என்பது பெரியப்பாவின் கட்சி. நான் இரண்டு கட்சிக்கும் வோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.

நோட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. 'செய்யப் போகிறோம்' என்கிற செய்திக்கு அதில் இடமில்லை. 'செய்தோம்' என்றால்தான் ஏறும். இந்தச் சட்டத்தின் காரணமாக மந்திரிகளின் பெயர் அதில் மிகவும் அபூர்வம்.

ஒரு நாள் அந்த நோட்டைப் புரட்டியபோது 2019 செப்டம்பர் 7-ஆம் தேதிப் பக்கத்தைப் பார்த்தேன். அன்றும் சனிக்கிழமைதான். சந்திரயான்-2 அனுப்பிய 'விக்ரம்' சந்திரனில் இறங்க வேண்டிய நள்ளிரவில், தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு அதனுடன் தொடர்பு அறுந்து போயிற்றல்லவா? பெரியப்பா முதல் நாளே ஆசையோடு தலைப்பை எழுதி வைத்துவிட்டார். அதை அடிக்கவில்லை. கீழே அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டார். அந்த அரைப் பக்கம் நாலு வருஷம் அப்படியே கிடந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சாயங்காலம் 6 மணி 4 நிமிஷத்துக்குச் சந்திரயான்-3 நல்லபடியாக இறங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன் என்ற விவரத்தோடு அந்த வெற்றிடம் நிரம்பியிருக்கிறது. மையின் நிறம் மட்டும் வேறு.

பெரியம்மா விஞ்ஞானத்துக்கு அவ்வளவாகக் காது கொடுக்க மாட்டாள். விளையாட்டு என்றால் கையில் இருக்கும் கரண்டியோடு வந்து நின்றுவிடுவாள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் குகேஷ் பதினெட்டே வயதில் உலகச் செஸ் சாம்பியன் ஆனபோது, "அந்தப் பிள்ளையின் தாயார் எத்தனை நாள் தூங்கினாளோ!" என்பதுதான் அவளுடைய விமரிசனம். ஆனால் 2025 நவம்பரில் பெண்கள் கிரிக்கெட் கோப்பையை ஜெயித்த வாரம் இருக்கிறதே, அந்த வாரம் பெரியப்பாவை வாயைத் திறக்கவே விடவில்லை.

நவம்பர் 2-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. நவி மும்பையில் மழை பெய்து ஆட்டம் இரண்டு மணி நேரம் தள்ளிப் போயிற்று. முழங்கால் வலிக்காக ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிற பெரியம்மா, நடுநிசி வரையில் விழித்திருந்து கடைசிப் பந்தையும் பார்த்தாளாம். ஷெஃபாலி வர்மா 87 ரன். குழுவில் முதலில் அவள் பெயரே கிடையாது. வேறொரு பெண்ணுக்கு அடிபட்டதால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டவள். தீப்தி சர்மா 58 ரன் அடித்ததோடு 5 விக்கெட்டும் எடுத்தாள். தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். அதற்கு முன் 2005-லும் 2017-லும் இறுதி ஆட்டம் வரை போய்க் கையைப் பிசைந்து கொண்டு திரும்பியவர்கள் நாம்.

"உனக்கு ஒன்று தெரியுமா? உலகக் கோப்பை என்று ஒன்றைக் கிரிக்கெட்டில் முதலில் ஆடியதே பெண்கள்தான். 1973-ல். ஆண்கள் 1975-ல்தான் ஆடினார்கள்" என்று பெரியப்பா இடையில் புகுந்தார்.

"அப்படியா? அந்த வருஷம் நமக்குப் பெரியவன் பிறந்தான். இதை நீங்கள் அப்போதே சொல்லியிருக்கலாமே!" என்றாள் பெரியம்மா. ஐம்பது வருஷத்து மறதியைச் சபையில் வைத்துக் கேட்டால் மனிதர் என்ன செய்வார்? சுண்டலைத் தின்றார்.

இந்த நோட்டைப் பற்றி அவர்களுக்குள் சண்டையும் வந்ததுண்டு. 2024 ஆகஸ்ட் 6-ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் ஒரே நாளில் மூன்று குஸ்தியில் வென்றாள். அது வரையில் சர்வதேசப் போட்டியில் தோல்வியே கண்டிராத ஜப்பானியப் பெண் சுசாகியை வீழ்த்தி, இறுதிச் சுற்றுக்கும் போனாள். மல்யுத்தத்தில் நம் நாட்டுப் பெண் எவளும் அதுவரை எட்டாத இடம் அது. மறுநாள் காலை 50 கிலோவுக்கு 100 கிராம் அதிகம் என்று நிறுத்துவிட்டார்கள். பதக்கம் இல்லை. சனிக்கிழமை வந்ததும் பெரியப்பா பேனாவை எடுத்து அந்தப் பதிவை அடிக்கப் போனார். பெரியம்மா நோட்டைப் பிடுங்கிக் கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை ஜெயித்தாளா, இல்லையா?"

"ஜெயித்தாள். ஆனால்..."

"ஆனால் எல்லாம் புதன்கிழமைக் கணக்கு. செவ்வாய்க்கிழமையை அடிக்க உங்களுக்கு என்ன அதிகாரம்?"

அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. தீர்ப்பு சரியானது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஆனாலும் மனத்தில் ஒரு குறை இருந்து கொண்டே இருந்தது. யுத்தத்தையும் வெள்ளத்தையும் விலக்கிவிட்டு நல்லதை மாத்திரம் பொறுக்கி எடுத்து வாசிப்பது, கண்ணை மூடிக் கொள்வது ஆகாதா? மற்றவர்கள் எழுந்து போன பிறகு, ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டேன்.

பெரியப்பா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "தந்தி என்றாலே அந்தக் காலத்தில் வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும், பிரிப்பதற்கு முன்பே. தெரியுமோ?" என்று தொடங்கினார்.

1970-களின் ஆரம்பம். தஞ்சை ஜில்லாவில் ஒரு சின்ன ஊரில் அவருக்கு ராத்திரி டியூட்டி. பத்தரை மணிக்குக் கருவி அடித்தது. முதலில் விலாசம் வந்தது. தெருவின் பெயரைப் பென்சிலால் எழுதும்போதே இவருடைய தெரு. பிறகு இவருடைய கதவு இலக்கம். பிறகு பெரியம்மாவின் பெயர். அதற்கப்புறம் ஒவ்வோர் எழுத்தாக, அவளுடைய தகப்பனார் காலமான செய்தி. வார்த்தைகளை எண்ணிச் சரி பார்த்து, நேரத்தைக் குறித்து, கையெழுத்துப் போட்டு மடித்தார். ஆபீசில் தனி ஆள். கருவியை விட்டு எழுந்திருக்க முடியாது. தாளைத் தபால் சேவகர் சைக்கிளில் எடுத்துக் கொண்டு போனார். மணி சத்தம் தெருமுனை திரும்பும் வரையில் கேட்டதாம். அடுத்த தந்தி ஒரு கல்யாண வாழ்த்து. வாழ்த்துக்கெல்லாம் இலக்கம் உண்டு. இலக்கம் வந்தால் அதற்கான வாசகத்தை எழுத வேண்டும். அதையும் எழுதினார். காலை ஆறு மணிக்கு மாற்று ஆள் வந்த பிறகுதான் வீட்டுக்கு ஓடினார்.

"அந்தச் சேவகர் வாசலை விட்டு நகரவேயில்லை. பக்கத்து வீட்டு அம்மாளை எழுப்பி என்னுடன் உட்கார வைத்துவிட்டுத்தான் போனார்" என்றாள் பெரியம்மா, சமையலறை நிலைப்படியில் நின்றபடி. அவள் அங்கே நின்றது எங்கள் இருவருக்கும் தெரியாது.

"துக்கச் செய்திக்கு மற்ற எல்லாத் தந்திக்கும் முன்னால் இடம் கொடுக்க வேண்டும். அதுதான் சட்டம், நியாயமான சட்டம். அதற்கு நான் நாற்பது வருஷம் சேவகம் பண்ணியாயிற்று. இப்போது வாழ்த்துத் தந்திகளை விநியோகிக்கிறேன்" என்றார் பெரியப்பா. கெட்ட செய்தி யார் தயவும் இல்லாமல் வீடு தேடி வந்துவிடுமாம். நல்லதைத்தான் யாராவது கொண்டு போய்க் கொடுக்க வேண்டுமாம்.

நான் இதை முழுவதும் ஒப்புக் கொள்ளவில்லை. வாசல் வரை வராமலே அமுக்கப்படுகிற கெட்ட செய்திகளும் உண்டு. அவற்றைத் தோண்டி எடுப்பதற்கும் சேர்த்துத்தானே எங்களுக்குச் சம்பளம்? அதைச் சொன்னேன்.

"அதனால்தான் வாரத்தில் ஆறு நாளை உங்களுக்கு விட்டிருக்கிறேன்" என்றார்.

அந்த நோட்டிலேயே அவருக்கு மிகவும் பிடித்த பக்கம் 2024 ஏப்ரல் 27. 1977 செப்டம்பர் 5-ஆம் தேதி அமெரிக்கா விண்ணில் ஏவிய 'வாயேஜர்-1' என்ற விண்கலம், சூரிய மண்டலத்துக் கிரகங்களையெல்லாம் தாண்டி 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் போய்க் கொண்டிருந்தது. 2023 நவம்பரில் அது திடீரென்று அர்த்தமில்லாமல் உளற ஆரம்பித்தது. கம்பியில்லாத் தந்திதான், ஆனால் ஒன்றும் பூஜ்யமுமாக ஒரே வரிசை, திரும்பத் திரும்ப. விஞ்ஞானிகள் ஐந்து மாதம் மண்டையை உடைத்துக் கொண்டார்கள். பல பத்தாண்டுகளுக்கு முந்திய பழுப்புக் காகிதங்களைப் புரட்டினார்கள். நினைவகத்தில் ஒரு சில்லு கெட்டுப் போயிருந்தது. அதில் இருந்த கட்டளைகளைத் துண்டு துண்டாக்கி வேறு இடங்களில் ஒளித்து வைக்கும்படி உத்தரவு அனுப்பினார்கள். உத்தரவு போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வர இன்னும் இருபத்திரண்டரை மணி. ஏப்ரல் 20-ஆம் தேதி பதில் வந்தது, தெளிவாக!

"46 வயசுக் கிழவி. பக்கவாதம் வந்து குழறிய பேச்சைத் திரும்பப் பேச வைத்துவிட்டார்கள்" என்று பெரியப்பா சபையில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அதில் இருக்கும் தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் நம் நாட்டுக் குரல் ஒன்றும் இருக்கிறது. கேசர்பாய் கேர்க்கர் பாடிய ஹிந்துஸ்தானி பைரவி. விண்கலம் புறப்பட்ட பதினோராம் நாள் அந்த அம்மாள் காலமாகிவிட்டார். குரல் இன்னும் போய்க் கொண்டிருக்கிறது.

இந்த நோட்டில் சட்டத்தை மீறிப் பென்சிலால் குறித்த ஒரே ஒரு வருங்காலச் செய்தியும் அந்தக் கிழவியைப் பற்றியதுதான். 2026 நவம்பரில் வாயேஜர், ஒளி ஒரு முழு நாளில் போகும் தூரத்தை எட்டும் என்பது கணக்கு.

"அதாவது, இங்கிருந்து ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நாற்பத்தெட்டு மணி நேரம்! மனிதன் செய்த எந்தப் பொருளும் அவ்வளவு தூரம் போனதில்லை" என்றார் பெரியப்பா, குரல் தழுதழுக்க.

"புதன்கிழமை காலையில் உங்களிடம் கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னேன்" என்றாள் பெரியம்மா. "இன்றைக்குச் சனிக்கிழமை."

பெரியப்பா நோட்டை மூடிவிட்டு மஞ்சள் பையைத் தேடினார்.