விருதுப் பட்டியலில் இல்லாத நம் கதை

பதிவு கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

சினிமா விருது விழா என்றால் உடுப்பும் பாட்டும் ஆட்டமும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். "அது எங்களுக்கு எதுக்கு டீச்சர்?" என்று கேட்பவர்களும் உண்டு. நான் அதை வகுப்பு இடாப்பு மாதிரிப் பார்க்கிறேன். இடாப்பை விரித்தால் யார் வந்தது, யார் வரவில்லை என்று தெரியும். ஒரு நாடு எந்தக் கதைகளைத் தன்னுடையவை என்று எண்ணுகிறது என்பதும் அதன் விருதுப் பட்டியலில் தெரியும்.

நம் நாட்டில் சரசவிய விருது விழா 1964இல் தொடங்கியது. லேக் ஹவுஸின் சிங்கள சினிமாப் பத்திரிகையின் பெயர்தான் சரசவிய. முதல் வருடம் சிறந்த படமாகத் தெரிவானது லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய'. தெற்கில் ஒரு கிராமத்துப் பெரிய வீடு நொடிந்துபோகும் கதை. 1965இல் டெல்லி திரைப்பட விழாவில் அதற்குத் தங்க மயில் விருதும் கிடைத்தது. சின்னத் தீவின் ஒரு ஊர்க் கதை அவ்வளவு தூரம் போனது.

சிங்கள சினிமாவைச் சிங்களவர் மட்டும் கட்டியெழுப்பவில்லை. 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். கதாநாயகி ருக்மணி தேவி கொழும்புச் செட்டி சமூகத்தவர். ஏராளமான சிங்களப் படங்களில் பாடிய மொஹிதீன் பேக் சேலத்தில் பிறந்த முஸ்லிம். அவர் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் இன்றும் வெசாக் காலத்தில் ஒலிக்கின்றன. புத்தளத்தில் முகாமில் இருந்த காலத்தில் அவருடைய பாட்டு ரேடியோவில் போனால் வாப்பா கை வேலையை நிறுத்திவிடுவார். "இவர் எங்கட ஆள்" என்பார். சொந்த ஊரை இழந்த மனிசனுக்கு அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது.

தமிழிலும் படங்கள் வந்தன. 1962இல் 'சமுதாயம்', அடுத்த வருடம் 'தோட்டக்காரி', 1977இல் 'பொன்மணி', 1978இல் 'வாடைக்காற்று'. யாழ்ப்பாணத்துக் கதையான 'பொன்மணி'யை இயக்கியவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களவர். பிறகு 1983 ஜூலை. ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். அதோடு போரும் வந்தது. படமே எடுக்க முடியாத இடத்திலிருந்து விருது மேடைக்கு எது போகும்?

ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் சிங்களம் பழகுவதற்காக பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர'வைப் பார்த்தேன். போருக்குப் போன மகனின் உடல் என்று முத்திரை வைத்த பெட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. கண் தெரியாத தகப்பன் மகன் இறந்ததாக நம்ப மறுக்கிறார். அவருடைய பெயர் வன்னிஹாமி. அந்தப் பாத்திரத்துக்காக ஜோ அபேவிக்கிரமவுக்கு சிங்கப்பூர் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஆனால் 2000இல் இங்கே படத்தைத் திரையிட விடவில்லை. இயக்குநர் உயர் நீதிமன்றம் போன பிறகுதான் 2001இல் வெளியானது.

படம் பார்க்கும்போது பாதி வசனம் எனக்கு விளங்கவில்லை. அந்தத் தகப்பனை விளங்கியது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 2017இலிருந்து பிள்ளைகளின் படத்தை ஏந்திக்கொண்டு கொட்டிலில் இருக்கும் அம்மாமாரும் அதே கேள்வியோடுதானே இருக்கிறார்கள். தமிழ் உபதலைப்போடு அந்தப் படத்தை நம் பிள்ளைகளுக்கும், 2012இல் அசோக ஹந்தகம தமிழில் எடுத்த 'இனி அவன்' படத்தைச் சிங்களப் பிள்ளைகளுக்கும் காட்டினால் எவ்வளவோ பேசலாம். என் தரம் 9 வகுப்பில் இலங்கைத் தமிழ்ப் படம் ஒன்றின் பெயரைக் கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. விஜய் படங்கள் எல்லாம் மனப்பாடம்.

இனி நம் விஷயம். 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்றிலிருந்தும் நீராவிப்பிட்டியிலிருந்தும் நம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. நான் அப்போது கைக்குழந்தை. உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பார்த்த எந்தப் படத்திலும், சிங்களமோ தமிழோ, அந்தப் பயணம் இல்லை. "எங்களை ஏன் சேர்க்கவில்லை" என்று விருதுக் குழுவிடம் கேட்பதற்கு முன்னால், அங்கே அனுப்ப நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 35 வருடம் தாண்டிவிட்டது. நேரில் கண்டவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். வருகிற தவணையில் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் மூன்று நிமிடப் படம் எடுக்கப் போகிறார்கள். ஆளுக்கு ஒரு மூத்தவர், ஒரு கதை. தமிழ் அயலவர்களின் 2009ஆம் ஆண்டுக் கதையும் அதில் இருக்க வேண்டும். அவர்களுடைய பிள்ளைகளும் என் வகுப்பில்தான் இருக்கிறார்கள். மார்க்கத்துக்கு முரணாக ஏதும் வருமோ என்று யோசிக்கும் பெற்றோர் தாராளமாக வந்து பக்கத்தில் இருக்கலாம்.

உங்கள் வீட்டு வாப்பும்மா, மூத்தவாப்பா, அப்பம்மா யாராவது பேசச் சம்மதித்தால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். உடம்புக்கு முடியாதவர்களை முதலில் பதிவு செய்வோம்.