தாயோடு ஒட்டிய பிள்ளை

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், ஃபூ ஆற்றங்கரையிலுள்ள ஜியாங்யோவுக்கு நான் போனது ஜூன் மாதக் கடைசியில். வயலெல்லாம் கிழங்கு கிண்டும் நேரம். நாங்கள் மரவள்ளி கிண்டுவது போலத்தான். ஆனால் இது நஞ்சு.

'ஃபூசி' என்று பெயர். ஒட்டிய பிள்ளை என்பது பொருள். நடுவில் தாய்க்கிழங்கு, அதில் ஒட்டியபடி பிள்ளைக் கிழங்குகள். இளவேனிலில் மண்ணை விலக்கி, திரண்ட இரண்டு மூன்றை விட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளைக் கிள்ளி எறிவார்களாம். கேட்க எனக்கு ஏனோ மனம் ஒரு மாதிரியாகிவிட்டது.

கை கால் சில்லிட்டவருக்குச் சூடேற்ற, சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன்பே வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் இதைக் கொடுத்திருக்கிறார். பச்சையாகத் தின்றாலோ நாக்கு மரத்து, இதயத் துடிப்புத் தடுமாறி, உயிரே போகும். அதனால் கிண்டிய கையோடு, உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, அவித்து, கழுவி, சீவி, ஆவியில் வேகவைக்கிறார்கள். நெடுநேர வேக்காட்டில் அக்கோனிட்டீன் என்ற நஞ்சு உடைந்து குறைகிறது. எங்கள் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்து எடுக்கும் நாவியும் இதே இனந்தான்.

அம்மாவின் மூட்டு வலிக்குக் கொஞ்சம் கேட்டேன். கிழங்கு கழுவிக்கொண்டிருந்த அம்மா கையுறையைக் கழற்றாமலே தலையை ஆட்டினார்.

"வைத்தியர் நாடி பார்த்துத் தராமல் இதை வீட்டில் அவிக்காதே, தங்கச்சி."

காசு கொடுத்தும் தரவில்லையே என்று எனக்குக் கோபந்தான் வந்தது. அவர் உள்ளே போய் ஒரு பிடி சுக்கைத் தாளில் சுற்றி வந்து நீட்டினார். அம்மாவுக்கு அதைத்தான் கொண்டுவந்தேன்.